பாகவதர் குடித்த மருந்து!

காலை ஆறே முக்கால் மணி. சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காகவே நான் அவ்வளவு சீக்கிரம் கிளினிக்கைத் திறந்துவிடுவேன். கடலூர் - சிதம்பரம் ரோட்டில் கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே என் கிளினிக். குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு என்று சுத்துப்பட்டு ஊர்க்காரர்களும் வருவார்கள்.

அன்றைக்கு முதலில் வந்தவர்கள் ஒரு கணவன் மனைவி. அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். உதடு வறண்டு, கண் உள்ளே போய், மூச்சு வாங்க வாங்க வந்து உட்கார்ந்தார். மனைவி பையிலிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தார். பாட்டில் நிறைய, பச்சையும் பழுப்புமாக ஒரு பவுடர். லேபிள் எதுவும் கிடையாது.

"ஐயா, இது உங்க மருந்துதானுங்களே? ஒரு மண்டலம் சாப்பிட்டா சர்க்கரை அடியோட போயிடும்னு சொன்னாங்க. இருபது நாளா மாத்திரையை நிறுத்திட்டு இதைத்தான் சாப்பிடறாரு."

"நான் எப்பம்மா கொடுத்தேன்?"

"நீங்க கொடுக்கலீங்க. இவர் கூட வேலை பார்க்கிறவரோட மச்சான் கொடுத்தாரு. சித்த மருந்துன்னு சொன்னாரு. சித்த மருந்துன்னா உங்க மருந்துதானே?"

விரல் நுனியில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை 438. மூச்சு வாங்குகிற விதமும் எனக்குப் பிடிக்கவில்லை. உடனே ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன். ஒரு மணி நேரத்தில் அங்கிருந்த டாக்டரே எனக்குப் போன் செய்தார். "சார், அந்தப் பவுடர்ல என்ன இருக்கு? உங்களுக்காவது தெரியுமா?"

முப்பது வருஷமாகச் சித்த மருத்துவம் பார்க்கிறேன். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் மூலிகைகளை மோந்து பார்த்தும், நாக்கில் வைத்துப் பார்த்தும் படித்தவன். ஆனாலும் அந்த டாக்டருக்கு நான் சொல்ல முடிந்த பதில் ஒன்றுதான். "தெரியாது சார்."

அந்த அம்மா கேட்ட கேள்வி அன்று முழுக்க மனசை விட்டுப் போகவில்லை. 'சித்த மருந்துன்னா உங்க மருந்துதானே?' கூடவே இன்னொருவர் ஞாபகமும் வந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதர்!

தங்கக் குரலுக்கு வந்த சர்க்கரை

இன்றைய பிள்ளைகளுக்கு அவர் பெயர் மட்டும்தான் தெரிந்திருக்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், 'பாகவதர் கிராப்' என்றால் என்ன என்று. தோள் வரை புரளும் அந்தத் தலைமுடிக்காகவே ஒரு தலைமுறை சலூனுக்குப் போகாமல் இருந்தது!

1910-ல் மாயவரத்தில் பிறந்து, திருச்சியில் வளர்ந்தவர். சின்ன வயதிலேயே அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக மேடையேறினார். 1934-ல் 'பவளக்கொடி' படத்தில் அறிமுகம். 1937-ல் 'சிந்தாமணி' வந்தது. அதே வருஷம் வந்த 'அம்பிகாபதி'யை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்கிற அமெரிக்கர். 1939-ல் 'திருநீலகண்டர்'. நம் தில்லையில் வாழ்ந்த குயவர், அறுபத்து மூவரில் ஒருவர். அந்த வேஷமும் பாகவதருக்கு. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது.

அதே 1944-ல்தான் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுவிசாரணை நடந்து, 1947 ஏப்ரலில் விடுதலை. ஆனால் ஜெயிலுக்குள் போன பாகவதர் வேறு, வெளியே வந்த பாகவதர் வேறு. அதற்குப் பிறகு வந்த படங்கள் பழையபடி ஓடவில்லை. மொத்தமே பதினாலு படங்கள்தான் அவர் நடித்தது.

படம் கைவிட்டாலும் பாட்டு அவரைக் கைவிடவில்லை. கச்சேரிகள் செய்துகொண்டிருந்தார். ஆனால் உடம்பில் சர்க்கரை நோய் புகுந்திருந்தது.

1959 அக்டோபர். பொள்ளாச்சியில் ஒரு கச்சேரி. அங்கே ஒருவர் பாகவதரிடம் வந்து, 'இந்த மூலிகை மருந்தைச் சாப்பிடுங்கள், சர்க்கரை போய்விடும்' என்று சொன்னதாகவும், பாகவதர் அதை வாங்கிச் சாப்பிட்டதாகவும், அதன் பிறகு உடம்பு மளமளவென்று மோசமானதாகவும் அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அக்டோபர் 22-ம் தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நவம்பர் 1-ம் தேதி இறந்துபோனார். வயது 49!

அந்த மருந்துதான் அவரைக் கொன்றதா? ஒரு வைத்தியனாக நான் அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன். சர்க்கரை முற்றினால் மருந்தே சாப்பிடாமலும் உயிர் போகும். ஆனால் இந்தக் கதையில் இல்லாத இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கொடுத்தவர் பெயர் இல்லை. மருந்தில் என்ன இருந்தது என்ற விவரம் இல்லை. என் மேஜை மேல் இருந்த ஹார்லிக்ஸ் பாட்டில் கதையும் அதுதானே?

இத்தனைக்கும் சர்க்கரைக்கு அன்றைக்கே வழி இருந்தது. இன்சுலின் 1921-ல் கண்டுபிடிக்கப்பட்டு, அடுத்த வருஷமே நோயாளிகளுக்குப் போடப்பட்டது. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளும் 1950-களில் வந்துவிட்டன. அப்படியும் ஏன் ஒருவர் முன்பின் தெரியாதவர் கொடுத்த மருந்துக்குக் கை நீட்டுகிறார்?

காரணம் சுலபம். ஆஸ்பத்திரி டாக்டர் 'கட்டுப்பாட்டில் வைக்கலாம்' என்பார். பவுடர்காரர் 'அடியோடு போக்குகிறேன்' என்பார். நாள்பட்ட நோயில் சலித்துப்போன மனசு எந்தப் பக்கம் சாயும்?

அமெரிக்காவிலும் இதே கதை!

'அதெல்லாம் அந்தக் காலம் சார். படிப்பறிவு கம்மி' என்பீர்களா? கொஞ்சம் அமெரிக்காவுக்குப் போய் வரலாம்.

ஸ்டீவ் மெக்வீன் என்று ஒரு நடிகர். 1963-ல் வந்த 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் மோட்டார் சைக்கிளில் பறப்பாரே, அவர்தான். 'புல்லிட்', 'பாப்பிலான்', 'தி டவரிங் இன்ஃபெர்னோ' என்று உலகமெல்லாம் ஓடிய படங்கள். பணத்துக்குப் பஞ்சமா, டாக்டர்களுக்குப் பஞ்சமா?

1979 கடைசியில் அவருக்கு நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் புற்றுநோய் என்று தெரிந்தது. பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வருகிற நோய் இது. தூசியைச் சுவாசித்து இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துத்தான் தலைகாட்டும். இளவயதில் அமெரிக்க மரைன் படை வீரராக இருந்தபோது கப்பல் குழாய்களில் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸை உரித்தெடுக்கும் வேலை செய்ததை அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். (சிப்காட் வாசகர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படியுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் 'என்ன வேலை பார்க்கிறேன், எதைச் சுவாசிக்கிறேன்' என்பதையும் சொல்லுங்கள். பத்து வருஷத்துக்கு முன் பார்த்த வேலையையும் சேர்த்து!)

குணப்படுத்த வழியில்லை என்று அமெரிக்க டாக்டர்கள் கையை விரித்தார்கள். மெக்வீன் மெக்சிகோ போனார். அங்கே பல் வைத்தியம் படித்த ஒருவரின் முறைப்படி அவருக்குச் சிகிச்சை. காப்பித் தண்ணீரில் இனிமா. ஆப்ரிகாட் பழக் கொட்டைச் சத்து என்று பெயர் வாங்கிய 'லேட்ரில்'. 'இயற்கையானது, பக்க விளைவு இல்லாதது' என்ற பேச்சு. கேட்ட மாதிரி இருக்கிறதா?

1980 அக்டோபரில், தன் உயிரைக் காப்பாற்ற உதவியதற்காக மெக்சிகோவுக்கு நன்றி சொல்லி அவர் குரலில் ஒரு செய்தி ஒலிபரப்பானது. அடுத்த மாதம் 7-ம் தேதி, கட்டிகளை அகற்றும் ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்தில், அதே மெக்சிகோவில் இறந்துபோனார். வயது 50. பாகவதரை விட ஒன்றே ஒன்று கூட!

லேட்ரிலை அமெரிக்காவின் பெரிய புற்றுநோய் மையங்கள் 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1982-ல் முடிவை வெளியிட்டன. புற்றுநோய்க்குப் பலன் இல்லை. சிலருக்கு ரத்தத்தில் சயனைட் விஷம் ஏறியதுதான் மிச்சம்.

இரண்டு பேருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மெக்வீனின் நோய்க்கு அன்று யாரிடமும் மருந்து இல்லை. முழுகுகிறவன் துரும்பைப் பிடிப்பதைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் சர்க்கரை அப்படியா? கையில் படகு இருக்கும்போதே அதை விட்டுவிட்டுத் துரும்பைப் பிடிக்கிறோம்!

அந்த நன்றிச் செய்தி சொல்லும் பாடம் இன்னும் முக்கியம். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் தினம் ஒரு வீடியோ. 'பத்து வருஷ சர்க்கரை, பத்தே நாளில் போச்சு' என்று ஒருவர் கண் கலங்க நன்றி சொல்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. மெக்வீனும் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். அந்த வீடியோக்காரரை ஆறு மாதம் கழித்து யாராவது தேடிப்போய்ப் படம் பிடித்தார்களா? அதைக் கேளுங்கள்.

நான் வாய் மூடியிருந்த கதை

இந்த விஷயத்தை அலோபதி டாக்டர் எழுதினால், 'அவருக்கு நாட்டு மருந்தைப் பிடிக்காது' என்று ஒதுக்கிவிடுவீர்கள். அதனால்தான் நான் எழுதுகிறேன். எழுத இன்னொரு காரணமும் உண்டு.

இருபது வருஷம் இருக்கும். திருப்பாப்புலியூரில் எங்கள் தெருவில் ரிடையர்டு வாத்தியார் ஒருவர் இருந்தார். ஒரு நாள் லாட்ஜில் ரூம் போட்டு மருந்து விற்ற ஒருவரிடம் சர்க்கரைப் பொடி வாங்கி வந்து என்னிடம் காட்டினார். "நம்ம சித்த மருந்துதான் தம்பி" என்று பெருமையாகச் சொன்னார். எனக்குச் சந்தேகம்தான். ஆனால் 'நம்ம துறையை நாமே குறை சொல்லலாமா? ஏற்கெனவே ஊரே கேலி பேசுது' என்று நினைத்து, தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு வருஷத்தில் காலில் புண். ஆறவில்லை. கட்டை விரலை எடுத்தார்கள். பார்க்கப் போனேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, அன்னைக்கே நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான்.

துறையின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து ஒரு மனுஷரின் விரலைக் கோட்டை விட்டேன். அன்றிலிருந்து நான் வாய் மூடுவதில்லை.

இயற்கை என்றால் அமிர்தமா?

அரளி விதை கூட இயற்கைதான்! சேங்கொட்டை எங்கள் நூல்களில் அருமையான மருந்து. ஆனால் சுத்தி செய்யாமல் தொட்டால் உடம்பெல்லாம் புண்ணாகும். பாதரசம், கந்தகம், தாளகம் எல்லாம் சித்தர்கள் கையாண்டவை. எத்தனை முறை சுத்தி, எத்தனை புடம், எந்த அனுபானம், எந்த அளவு என்று கணக்கு வைத்துக் கையாண்டார்கள். அந்தக் கணக்குத்தான் வைத்தியம். கணக்கு தெரியாதவன் கையில் அதே சரக்கு விஷம். ஈயமும் பாதரசமும் சரியாகச் சுத்தி ஆகாத பொடிகளைத் தின்று கிட்னி பழுதானவர்கள் உண்டு.

இன்னொரு பித்தலாட்டமும் நடக்கிறது. மூலிகைப் பொடியோடு இங்கிலீஷ் சர்க்கரை மாத்திரையையே அரைத்துக் கலந்துவிடுகிறார்கள். இரண்டே நாளில் சர்க்கரை இறங்கும்போது நமக்குச் சந்தோஷம் தாங்காது. 'மூலிகைன்னா மூலிகைதான்!' என்போம். வீட்டில் இருக்கிற மாத்திரையையும் சேர்த்துப் போட்டால் என்ன ஆகும்? இரட்டை டோஸ்! நைட் ஷிப்டில் சாப்பாடு தள்ளிப்போகிற அன்றைக்கு, வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மிஷின் பக்கத்திலேயே சுருண்டு விழவேண்டியதுதான். மூட்டு வலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலப்பதும் இதே வகை. வலி போகும், சர்க்கரை ஏறும்.

அப்படியானால் சித்த மருத்துவத்தில் சர்க்கரைக்கு ஒன்றுமே இல்லையா? ஏன் இல்லை? மதுமேகம் என்று எங்கள் நூல்கள் விவரமாகப் பேசுகின்றன. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்து நோயைக் கண்டுகொண்டார்கள். ஆவாரை, சிறுகுறிஞ்சான், நாவல் கொட்டை, வெந்தயம், சீந்தில் எல்லாம் நானே கொடுக்கிறவைதான். பலன் தெரியாமல் கொடுக்கவில்லை. ஆனால் ரத்தம் சோதித்து, கண்ணும் காலும் கிட்னியும் பார்த்து, அவர் ஏற்கெனவே போடுகிற மாத்திரையைக் கேட்டு, அதோடு ஒத்துப்போகிற அளவில்தான் கொடுக்கிறேன். மாத்திரையைக் குறைக்க வேண்டி வந்தால் அதை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் பேசித்தான் குறைக்கச் சொல்வேன். சின்னப் பிள்ளையிலிருந்தே இன்சுலின் ஊசியில் இருப்பவர்களுக்கு ஊசியை நிறுத்தச் சொல்ல உலகத்தில் எந்த வைத்தியருக்கும் உரிமை கிடையாது. நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.

வாங்கும் முன் நாலு கேள்வி

யார் எந்த மருந்து கொடுத்தாலும் (நான் கொடுத்தாலும்!) இந்த நாலையும் கேளுங்கள்.

ஒன்று: 'உங்க பேரென்ன, எங்கே படிச்சீங்க, பதிவு எண் என்ன?' பதிவு பெற்ற வைத்தியர் கோபப்பட மாட்டார். சுவரில் மாட்டியிருப்பதைக் காட்டுவார்.

இரண்டு: 'இதில் என்ன இருக்கு?' கடையில் விற்கும் சித்த மருந்தானால் லேபிளில் சரக்குகளின் பெயர், தயாரிப்பு லைசென்ஸ் எண், பேட்ச் எண் இருக்க வேண்டும். 'அது பரம்பரை ரகசியம்' என்றால் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரகசியம் அவருடையது, கிட்னி உங்களுடையது!

மூன்று: 'இப்ப போடற மாத்திரையை என்ன செய்யணும்?' 'நிறுத்திடுங்க' என்று உங்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்க்காமலே சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நாலு: 'அடியோட போயிடுமா?' 'போயிடும், கியாரண்டி' என்று விளம்பரம் செய்வதே சட்டப்படி தப்பு. 1954-ல் கொண்டுவந்த மத்திய அரசுச் சட்டம் இதற்கென்றே இருக்கிறது. அதன் பட்டியலில் சர்க்கரை நோயும் உண்டு, புற்றுநோயும் உண்டு.

சித்த மருந்துதான் வேண்டும் என்கிறீர்களா? தாராளமாக! அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. படித்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே போங்கள். நல்ல பரம்பரை வைத்தியர்களும் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. அவர்கள் மருந்தின் பெயரைச் சொல்வார்கள், பத்தியம் சொல்வார்கள், தன்னால் முடியாததை 'முடியாது' என்றும் சொல்வார்கள்.

இளமையாக்கினார் குளம்

திருநீலகண்டர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிழவனும் கிழவியுமாகக் குளத்தில் முழுகி, இளைஞனும் இளம்பெண்ணுமாக எழுந்தார்கள். சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயில் என்று இன்றைக்கும் இருக்கிறது. குளமும் இருக்கிறது. அந்த நாயனாராக நடித்த பாகவதர், இருபது வருஷம் கழித்து, ஒரே முழுக்கில் நோய் தீரும் என்று நம்பி ஒரு மருந்தைக் குடித்தார். பாவம், அது சாமி காட்டிய குளம் இல்லை.

அந்த ஹார்லிக்ஸ் பாட்டில்காரர் பிழைத்துக்கொண்டார். நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, இன்சுலின் போட்டு, வீட்டுக்கு வந்தார். இப்போது மாத்திரையும் போடுகிறார், என்னிடம் குடிநீரும் வாங்கிப் போகிறார். நைட் ஷிப்டுக்கு வீட்டுச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறார். வெறும் டீயும் பிஸ்கட்டும் என்கிற கதையெல்லாம் நின்றது. போன வாரம் சர்க்கரை 160. அடியோடு போகவில்லை. ஆனால் ஆள் இருக்கிறார்!

போன வாரம் அந்த அம்மா மறுபடியும் ஒரு பொட்டலத்தோடு வந்தார். யாரோ கொடுத்தார்களாம். பிரிக்காமலே என் முன்னால் வைத்து, "இதுல என்ன இருக்குன்னு கேட்டேங்க. சொல்ல மாட்டேனுட்டாங்க. அதான் உங்ககிட்ட கொண்டாந்தேன்" என்றார்.

பாகவதர் பக்கத்தில் அன்றைக்கு இப்படி ஒருத்தி இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. உங்கள் வீட்டில் நீங்கள் இருங்கள்.